ஆனி, ஆடியில் வீட்டுக்கு முட்டை: ஒரு நாட்டுக்கோழிப் பதிவு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பிள்ளைகளின் உடலில் சேரும் புரதத்தில் ஒரு முக்கியப் பங்கு மீனிலிருந்து வருகிறது. சாளையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் எந்த வீட்டிலும் மதியச் சோற்றுக்கு மீன்குழம்பு இருக்கும். சிக்கல் வருவது ஆனி, ஆடி மாதங்களில். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் ஆகிய மேற்குக் கரைத் துறைமுகங்களில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. கிழக்குக் கரையைச் சேர்ந்த சின்னமுட்டத்தில் அந்தத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருப்பதால், ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் மாவட்டத்தின் இரு பக்கமும் விசைப்படகு மீன் இல்லை. அதே வேளையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது. மழைத்தடுப்புப் பிளாஸ்டிக் ஒட்டாத ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்று, கூலியும் நின்றுபோகிறது. மீன் விலை ஏறும் நேரமும் கையில் காசு குறையும் நேரமும் ஒன்றாக வருகின்றன.

திருவட்டாறு வட்டாரத்தில் உள்ள எங்கள் மகளிர் குழுவில் எட்டு வீடுகள் சேர்ந்து நாட்டுக்கோழி வளர்க்க முடிவு செய்தபோது, "ஆனி பிறக்கும்போது வெடைக்கோழிகள் முட்டையிடத் தொடங்க வேண்டும்" என்பதையே இலக்காக வைத்துக்கொண்டோம். மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்கப்பட்டவை. நாட்டுக்கோழி நல்ல தீனி கிடைத்தால் ஏறக்குறைய ஆறு மாத வயதில், அதாவது 24 முதல் 28 வாரங்களில், முதல் முட்டையை இடும். ஆகவே குஞ்சுகள் மார்கழித் தொடக்கத்தில் பொரிக்க வேண்டும். அதற்கு 21 நாட்களுக்கு முன், கார்த்திகையில், அடை வைக்க வேண்டும். இந்தக் கணக்கில் வேறொரு நன்மையும் தானாக வந்து சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் தை, மாசி மாதங்கள் எங்கள் பகுதியில் ஈரம் குறைந்தவை; குஞ்சு பிழைப்பதற்கு ஆண்டில் அதைவிட நல்ல காலம் இல்லை. மேலும், கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்துகிறது. மார்கழிக் குஞ்சுகள் அப்போது எட்டு வாரத்தை எட்டி, அந்த ஊசிக்குச் சரியான வயதில் இருக்கும்.

எந்தக் கோழி என்பதில் குழுவில் நிறையப் பேச்சு நடந்தது. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் முட்டையிடும். ஆனால் அவை அடை உட்காருவது அரிது. ஒவ்வொரு தலைமுறைக்கும் குஞ்சு வாங்கப் பணம் வேண்டும். உடல் கனத்த வனராஜாவுக்குக் கீரியைக் கண்டால் பறந்து கிளையேறவும் தெரியாது. ரப்பர் விளைகளுக்கு நடுவே இருக்கும் வீட்டுப் புறவாசலில், தானே அடைகாத்து, தானே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும் கோழிதான் செலவில்லாதது என்பது என் கருத்து. குழுவும் கடைசியில் அதற்கே வந்தது. பெண்களுக்கு அரசு 50 விழுக்காடு மானியத்தில் நான்கு வார வயதுக் குஞ்சுகள் 40 தரும் திட்டம் ஒன்றும் உண்டு. தகுதியுள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் 40 குஞ்சுகளுக்கு வேண்டிய தீனி அடுப்படியிலிருந்து வராது. மூட்டைத் தீனி வாங்கியாக வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தெருவில் வண்டியில் கொண்டுவந்து விற்கும் சாயம் பூசிய குஞ்சுகளை மட்டும் யாரும் வாங்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம். கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கங்களில் பறவைக் காய்ச்சல் வந்துபோகும் காலங்களில் எல்லையிலுள்ள களியக்காவிளையில் வண்டிகளைச் சோதிப்பதைப் பார்த்தவர்களுக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குஞ்சைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

கூடு கட்டுவதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். இங்கே கோழியைக் கொல்வது பசியைவிட ஈரம். மண்தரையில் அடைத்த கோழிகளுக்கு மழைக்காலத்தில் சளியும் ரத்தக் கழிச்சலும் மாறி மாறி வருவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். ஆகவே நான்கடி நீளம், மூன்றடி அகலத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நாட்டிய கூடு என்று திட்டமிட்டோம். இரவில் அடைவதற்கு ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும் என்பதால், பத்துக் கோழியும் ஒரு சேவலும் இதில் நெருக்கமில்லாமல் அடையும். அடித்தளத்துக்குக் கமுகு வாரிகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தோம். எச்சம் கீழே விழுந்துவிடும், கோழியின் கால் சிக்காது. கீழே சாம்பல் தூவிய பழைய தகரத்தை வைத்து, எச்சத்தை அள்ளி வாழைக்குப் போடுகிறோம்.

சட்டத்துக்கு ரப்பர் மரம் போதாதா என்று பலரும் கேட்டார்கள். எங்கள் பகுதியில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் மரம் அதுதான். ஆனால் மருந்தேற்றாத ரப்பர் பலகையில் வண்டு விழுந்து, சில மாதங்களில் மாவாக உதிரத் தொடங்கும். வீடு பிரித்த இடத்தில் கிடைத்த பழைய அயனிச் சட்டங்களும் பலாச் சட்டங்களும் அதைவிடப் பலமடங்கு மேல். பக்கங்களுக்குச் சாதாரணக் கோழிவலை அடிக்கக் கூடாது. அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, கீரியும் மரநாயும் உள்ளே வராமல் தடுக்காது. அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய கம்பியைப் பெருச்சாளிகூடப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் விலை கூடுதல்தான். ஆயினும் முழுக் கூட்டிலும் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அது. பாம்பும் அதற்குள் நுழையாது. மேற்கும் தெற்கும் பார்த்த பக்கங்களில் பாதி உயரத்துக்குப் பலகை அடைத்து, மேல்பாதிக்குச் சுருட்டி விடும் படுதா தைத்தோம், சாரல் அந்தப் பக்கங்களிலிருந்துதான் அடிக்கும். கூரைக்குப் பழைய ஓடு; தகரம் பங்குனி வெயிலில் கொதிக்கும். ஓட்டின்மேல் கம்பி போட்டுச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருக்கிறோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததைக் கண்ட எவருக்கும் அந்தக் கம்பி வீண்செலவாகத் தோன்றாது. கூட்டின் கால்களைச் சுற்றிப் பழைய எஞ்சின் ஆயிலில் தோய்த்த துணியைக் கட்டினால் எறும்பு ஏறாது. முட்டை உடைத்து வெளிவரும் குஞ்சை எறும்பு மொய்த்தால் தாய்க்கோழியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டுக் கதவை எப்போது திறப்பது என்பதும் இங்கே ஒரு கேள்வி. பால்வெட்டுக்குப் போகும் வீடுகளில் ஆளெழும்புவது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு. போகிற போக்கில் கோழியையும் திறந்துவிட்டால், வெளிச்சம் வருவதற்குள் மரநாய் தன் பங்கை எடுத்துவிடும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை திறப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

தடுப்பு மருந்து என்ற ஒன்றுக்காகத்தான் எட்டு வீடுகள் சேர வேண்டியிருந்தது. கோழிக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்தால் ஓரிரு நாளில் கூடு காலியாகிவிடும். அதற்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ விடும் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் போடும் ஆர்2பி ஊசியும் உள்ளன. ஆனால் சொட்டு மருந்தின் சிறிய குப்பியிலேயே 100 குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும்; கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு வீட்டில் ஒன்பது குஞ்சுகளை வைத்துக்கொண்டு எவரும் ஒரு குப்பியை உடைக்கத் துணிவதில்லை; அதனால்தான் தடுப்பு மருந்தே போடாமல் வளர்ப்பது வழக்கமாகிப்போனது என்று நினைக்கிறேன். எட்டு வீடுகளிலும் ஒரே வாரத்தில் குஞ்சு பொரித்தால் எழுபது குஞ்சுகளுக்கு ஒரு குப்பி போதும்.

ஒரே வாரத்தில் பொரிக்க வைப்பது எப்படி? கோழி நம் நாட்காட்டியைப் பார்த்து அடை உட்காருவதில்லை. முதலில் அடைக்கு வந்த கோழிகளுக்குக் கூமுட்டைகளையும் முட்டை வடிவக் கூழாங்கற்களையும் கொடுத்து உட்கார வைத்தோம். அடைவேகம் வந்த கோழி அதன்மேல் ஒரு வாரத்துக்கு மேலும் அசையாமல் இருக்கும். கடைசி வீட்டுக் கோழியும் கொடுகொடுவென்று சத்தம் போடத் தொடங்கிய அன்று இரவு, எல்லா வீட்டிலும் நல்ல முட்டைகளை மாற்றி வைத்தோம். பனையோலைக் கடவத்தில் பாதிக்கு மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, ஒரு கோழிக்குப் பதினோரு முட்டை. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு எடுக்கவில்லை. வைக்கும்வரை அகன்ற முனை மேலே இருக்கும்படி, குளிர்ந்த மூலையில் மண்சட்டி மணலில் செருகி வைத்திருந்தோம். இடி முழக்கத்தில் முட்டை கெடாமல் இருக்கக் கடவத்தில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவது இங்கே பழக்கம். அதைத் தடுக்க நான் முயலவில்லை. அடைமழைக் காலத்தில் முட்டை கூழையாவதற்கு இடியைவிட, பல நாட்களாகச் சேர்த்து வைத்த பழைய முட்டைகளே காரணம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஏழாம் நாள் இரவில் முட்டைகளைப் பார்த்தோம். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் நடுவில் ஓட்டையிட்ட அட்டையை வைத்து, அதன்மேல் முட்டையின் அகன்ற முனையைப் பொருத்திப் பிடித்தால், கருக்கொண்ட முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நான்கு புறமும் ஓடும் சிவந்த நரம்புகளும் தெரியும். சற்றுக் கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளி அசையும். கருக்கொள்ளாத முட்டை மஞ்சள் படர்ந்து வெறுமையாக ஒளிரும். சுற்றி நின்ற பிள்ளைகள் கடைசி முட்டைவரை கலையவில்லை. வெறுமையான முட்டைகளை எடுத்து வைத்து, குஞ்சுகள் பொரித்தபின் அவித்து மசித்து அவற்றுக்கே தீனியாகக் கொடுத்தோம்.

லசோட்டா போட்டது மாலை நேரத்தில், வெயில் தாழ்ந்தபின். பனிக்கட்டி போட்ட தெர்மாஸில் குப்பியைக் கொண்டுவந்து, உடன் தந்த கரைப்பு நீரில் கலந்து, சொட்டுக் குப்பியை ஈரத்துணியில் பொதிந்து வீடு வீடாகச் சென்றோம். இடது உள்ளங்கையில் குஞ்சைச் சாய்த்து, பெருவிரலால் கண்ணிமையை விலக்கி, குப்பியின் நுனி கண்ணில் படாமல் செங்குத்தாகப் பிடித்து ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு விழுந்தவுடன் குஞ்சைக் கீழே விடக் கூடாது. அது கண்ணை மூடித் திறந்து, மருந்து உள்ளே இறங்குவதைப் பார்த்தபின்தான் விட வேண்டும். அவசரத்தில் விட்டால் தலையை உதறி மருந்தைத் தெறித்துவிடும். நான்காம் வாரத்தில் மறுபடியும் ஒரு முறை இதையே செய்தோம். ஆர்2பி ஊசிக்கு ஒரு வாரம் முன்பு, கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் குடற்புழு மருந்து கொடுத்தோம்; புழு நிறைந்த கோழிக்கு ஊசி சரியாகப் பிடிக்காது.

கோழி அம்மை வேறு வகையான தொல்லை. அது கொசுவால் பரவுகிறது. எங்கள் பக்கத்தில் கொசு வளர்வது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில். இப்போது பிளாஸ்டிக் கிண்ணமே ஆனாலும் பெயர் சிரட்டைதான். இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் மாசி, பங்குனியில் வீட்டை ஒட்டிய மரங்களின் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னோம். இது பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

முதல் மூன்று வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தோம்; பருந்துக்கும் காக்கைக்கும் அதைவிட நல்ல பதில் இல்லை. தீனிக்கு நொய்யும் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் அடிப்படை. குஞ்சுகளுக்கு மட்டும் முதல் சில வாரங்களுக்குக் குழுவாக ஒரு மூட்டை குஞ்சுத் தீவனம் வாங்கிப் பங்கிட்டோம். கரையான் பிடிப்பது தை, மாசியில் எளிது: பழைய பானையில் ஈரச் சாக்குத் துண்டையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். மழை தொடங்கிவிட்டால் இது நடக்காது. கருவாட்டுத் தூள் போடுபவர்கள் உப்பிட்ட கருவாட்டைப் போடக் கூடாது. உப்பு மிகுந்தால் கோழி தாகமெடுத்துக் கழிந்து சாகும். உப்பிடாமல் உலர்த்திய நெத்திலித் தூள் நல்லது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கின் தோலைப் பச்சையாகக் கொட்டுவதும் ஆபத்து. அதில் சயனைடு தரும் பொருள் இருப்பதால் வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும், மழைக்காலத்தில் அவித்து நீரை வடித்துவிட வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கு ஈரக்காற்றில் விரைவில் பூஞ்சை பிடிக்கும். சிறிது சிறிதாக வாங்குவதே மேல். முட்டையிடும் பருவத்துக்குக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கிளிஞ்சலை இடித்து ஒரு சிரட்டையில் வைத்துவிட்டால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

வெடைக்கோழிகள் ஆனியில் முட்டையிடத் தொடங்கின. சில வீடுகளில் மாதம் பிறப்பதற்கு முன்பே, சில வீடுகளில் நடு மாதத்தில். அதற்குப் பிறகு வந்த வேலை கோழியோடு தொடர்பில்லாதது. முட்டை யாருக்கு என்பது அது.

"விக்க வேண்டிய முட்டைய பிள்ளைக்கு அவிச்சுக் குடுத்துட்டா, பலசரக்குக் கடைக்கு என்னத்தக் கொண்டு போவ, மக்ளே?" என்று ஒரு வீட்டில் மாமியார் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாட்டுமுட்டைக்கு நாமக்கல் முட்டையைவிட நல்ல விலை கிடைக்கும். ஆகவே கணக்கை எழுதிக் காட்டினோம். ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முட்டை இடும். பத்துக் கோழி என்றால் 600. இரண்டு பிள்ளைகளுக்கு வாரத்துக்கு நான்கு முட்டை வீதம் ஆண்டுக்கு 416. மூன்று அடைக்கு 33. மீதி 151 முட்டையும், வளர்ந்த சேவல்களும் விற்பனைக்கு. கோயில் கொடைக்கும் பெருநாளுக்கும் சேவல் தேடி வீட்டுக்கே வருவார்கள். பலசரக்குக் கடைக்கு உண்மையில் உதவுவது அந்தச் சேவல் பணம்தான். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை, அடை, விற்பனை என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பத்தி நிரம்பாமல் மூன்றாம் பத்தியில் எழுதுவதில்லை என்பது குழுவின் தீர்மானம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அவரும் முதல் பத்தியில் சேர்வார்.

பத்துக் கோழிக்கு மேல் போக வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கும் இதுதான் காரணம். எண்ணிக்கை கூடினால் தீனி கடையிலிருந்து வரும். தீனிக் கடனை அடைக்க முட்டை சந்தைக்குப் போகும். பணம் புழங்கத் தொடங்கியவுடன் கணக்கு பெண்ணின் கையிலிருந்து நகர்ந்துவிடும்.

நாட்டுமுட்டையில் தனிப்பெரும் சத்து இருக்கிறது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. 40 கிராம் எடையுள்ள நாட்டுமுட்டையில் ஏறத்தாழ 5 கிராம் புரதம் இருக்கும். அதைவிடப் பெரிய பண்ணை முட்டையில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மஞ்சள் கரு அடர்ந்த நிறமாக இருப்பது கோழி பச்சை மேய்வதால். பள்ளி நாட்களில் சத்துணவில் தரும் முட்டையும் நல்ல முட்டைதான். இந்த முட்டையின் பெருமை, காசில்லாத மழைநாளிலும் அது வீட்டில் இருப்பதும், பள்ளிக்கு இன்னும் போகாத சிறு பிள்ளைக்கும் கிடைப்பதும் மட்டுமே.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். எக்வடோரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாள்தோறும் ஒரு முட்டை கொடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. வயதுக்கேற்ற உயரமில்லாத குறை அக்குழந்தைகளிடம் 47 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னர் மலாவியில் அதே முறையில் நடந்த ஆய்வில் அத்தகைய வளர்ச்சி தென்படவில்லை. அங்குள்ள குழந்தைகள் முன்பே மீன் உண்பவர்கள் என்பதை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சுட்டினார்கள். எங்கள் பிள்ளைகளும் மீன் உண்பவர்களே. ஆகவே மீன் மலிந்த புரட்டாசியில் முட்டையால் பெரிய மாற்றம் வரும் என்று நான் கருதவில்லை. மீன் இல்லாத இரண்டு மாதங்களில்தான் அதற்கு வேலை இருக்கிறது.

இரத்தச்சோகைக்கு முட்டை மட்டும் போதாது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. முட்டையிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். முருங்கையிலை போட்டுப் பொரித்த முட்டையும், அந்த வேளைச் சோற்றில் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் நல்லது. ஆடியில் முருங்கையிலை ஆகாது என்று பறிக்காத வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. அந்த வீடுகளில் தண்டங்கீரை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் பேசினோம். பச்சை முட்டையால் சால்மொனெல்லா தொற்று வரலாம் என்பதால், அதே முட்டையை நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுக்கும்படி சொன்னோம்; பாட்டிமார் இதற்கு எளிதில் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த சுற்றுக்கு இரண்டு மாற்றங்கள். அடைக்கு விடாத கோழி அடைவேகம் கொண்டு முட்டையை நிறுத்தினால், நீரில் முக்குவதற்குப் பதிலாக, அடியில் காற்றோடும் வெறும் வாரிக் கூட்டில் மூன்று நான்கு நாள் தீனியும் தண்ணீரும் வைத்து விடுகிறோம். அடைவேகம் தணிந்து, மறுபடியும் முட்டைக்கு வருகிறது. மற்றொன்று சேவல் மாற்றம். ஒரே சேவலின் குஞ்சுகள் அதே கூட்டில் வளர்ந்து அதே சேவலோடு இணைந்தால் கருக்கொள்ளாத முட்டைகள் பெருகும், குஞ்சுகளும் நோஞ்சானாகும். ஆகவே ஐப்பசி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுச் சேவலும் வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போகிறது. எட்டாவது வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கு வருகிறது. புதிய சேவல் வந்து இரண்டு வாரம் கழித்து இட்ட முட்டைகளையே கார்த்திகை அடைக்கு எடுக்கிறோம்.